எழுதுகோல் ஏந்திய நம் ஆசான்கள்

ஒரு சமுதாயத்தின் கல்வி வளர்ச்சியை அளப்பதற்கு நாம் வழக்கமாகக் கையாளும் அளவுகோல்கள் இரண்டு. எத்தனை பேர் தேர்வில் வென்றனர் என்பது ஒன்று; எத்தனை பேர் வேலையில் அமர்ந்தனர் என்பது மற்றொன்று. கல்விச் சங்கங்களின் ஆண்டறிக்கைகளைப் புரட்டினால் இவ்விரு கணக்குகளே பக்கங்களை நிரப்பக் காண்கிறோம். இவை வேண்டாத கணக்குகள் அல்ல. கூலிக்குச் சென்ற தாயின் மகள் ஆசிரியையாக அமர்வது எளிய செய்தியன்று. ஆயினும் மூன்றாவது அளவுகோல் ஒன்றும் உண்டு. கற்றவர்களுள் எத்தனை பேர் பிறர் கற்கத்தக்க நூலை எழுதினார்கள் என்பதே அது. நம் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அந்தக் கணக்கையும் சிறிது பார்த்துவிடுவது முறையென்று கருதி இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம்.

நம் இளைஞர் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியிருக்கிறது. நம்மவர் எழுதத் தொடங்கியது அண்மைக் காலத்தில்தான், 1990களில் தலித் இலக்கியம் என்னும் பெயர் பரவிய பின்னர்த்தான், அதற்கு முன் நம்மைப் பற்றிப் பிறர் எழுதினர், நாம் எழுதவில்லை என்பது அவ்வெண்ணம். இது மெய்யன்று. மதுரை காமராசர் பல்கலைக்கழக இதழியல் துறைப் பேராசிரியர் ஜெ. பாலசுப்பிரமணியம் 2017இல் வெளியிட்ட 'சூரியோதயம் முதல் உதயசூரியன் வரை' என்னும் ஆய்வு நூல் 1869 முதல் 1943 வரை நம் மக்கள் நடத்திய இதழ்களை ஆராய்கிறது. பாரதியார் பிறந்தது 1882இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே நம்மவர் இதழ் நடத்தினர் என்பதைப் பள்ளிப் பாடநூல் வழியாக நம்முள் எவரேனும் அறிந்ததுண்டா? எழுதினோம், அச்சிட்டோம், விற்றோம். எழுதியவை பாதுகாக்கப்படவில்லை என்பதே நம் வரலாற்றின் துயரம்.

ஆசானின் பெயரைச் சூடிய மாணாக்கர்

க. அயோத்திதாச பண்டிதர் கல்லூரி ஆசிரியர் அல்லர், சித்த மருத்துவர். எனினும் ஆசிரியர்களைப் பற்றிய இக்கட்டுரையை அன்னாரிடமிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. 1845ஆம் ஆண்டு மே திங்கள் 20ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி கற்பித்த அயோத்திதாச கவிராயரின் பெயரையே தம் பெயராக ஏற்றுக்கொண்டார். ஆக, இன்று அஞ்சல் தலையிலும் தாம்பரத்துச் சித்த மருத்துவமனையின் வாயிலிலும் நாம் காணும் பெயர் உண்மையில் ஒரு பள்ளி ஆசானின் பெயர்.

1898இல் கர்னல் ஆல்காட்டுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாநாயக தேரரிடம் பஞ்சசீலம் பெற்றுப் பௌத்தம் தழுவினார் பண்டிதர். அப்பயணத்தில் அவருடன் சென்ற மற்றொருவர் பி. கிருஷ்ணசாமி, ஆல்காட் நிறுவிய பஞ்சமர் பள்ளியின் ஆசிரியர். அப்பள்ளிகளுள் முதலாவது 1894இல் அடையாற்றில் தோன்றியது. அதற்கு முந்தைய ஆண்டாகிய 1893இல்தான் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென விரிவான ஆணையொன்றைப் பிறப்பித்திருந்தது. பிறர் நடத்திய பள்ளிகளில் நம் பிள்ளைகளுக்கு இடமில்லாத காலம் அது. அத்தகைய பள்ளியொன்றின் ஆசிரியர் கடல் கடந்து சென்று சமய வரலாற்றில் ஒரு திருப்பத்திற்குச் சாட்சியாக நின்றார் என்பதை நம் ஆசிரியப் பெருமக்கள் நினைவில் கொள்ளல் தகும்.

1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் வார இதழைப் பண்டிதர் தொடங்கினார். ஓராண்டு கழிந்தபின் அது 'தமிழன்' ஆயிற்று. 1914 மே 5இல் அவர் மறையும் வரை வாரந்தோறும் வெளிவந்தது. 'இந்திரர் தேச சரித்திரம்' அதில் வந்தது. புத்தரின் வாழ்வைக் கூறும் 'ஆதிவேதம்' வந்தது. இலக்கண ஆராய்ச்சியும் மருத்துவக் குறிப்பும் உழவர் செய்தியும் வந்தன. சாதி என்பது தொன்று தொட்டு வந்ததன்று, பௌத்தத்தின் வீழ்ச்சிக்குப் பின் புகுத்தப்பட்டது என்பது பண்டிதரின் துணிபு. அவருடைய சொல்லாராய்ச்சி முடிவுகள் அனைத்தையும் இன்றைய மொழி நூலார் ஏற்க மாட்டார்கள். நாமும் அப்படியே ஏற்கவேண்டுவதில்லை. ஆனால் தன் மக்களின் கடந்த காலத்தைத் தானே எழுத உரிமை உண்டு என்று ஒருவர் அன்று நிமிர்ந்து நின்றதுதான் பெரிது.

அவ்விதழை வாங்கிப் படித்தோர் யாவர்? நம் பகுதியோர் இதனைக் கூர்ந்து நோக்க வேண்டும். அன்றைய சேலம் மாவட்டத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் பிழைப்புத் தேடிக் கோலார் தங்கவயலுக்குச் சென்ற சுரங்கத் தொழிலாளர் அதன் முதன்மையான வாசகருள் இருந்தனர். மாரிகுப்பத்திலும், 1911 வரை சேலம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த திருப்பத்தூரிலும் பண்டிதரின் சாக்கிய பௌத்த சங்கத்திற்குக் கிளைகள் இருந்தன. பண்டிதர் மறைந்து, 'தமிழன்' நின்று போன பின், அதே தங்கவயலில் ஜி. அப்பாதுரையார் 1926இல் அதனை மீண்டும் எழுப்பி ஆண்டுகள் பல நடத்தினார். பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்த சித்தார்த்த புத்தகசாலையும் தங்கவயலில்தான் இருந்தது. நிலத்தின் அடியில் பாறை உடைத்துப் பெற்ற கூலியிலிருந்து காசு சேர்த்து நூல் அச்சிட்டார்கள். பல்கலைக்கழகம் செய்யவேண்டிய பணியைச் சுரங்கக் குடியிருப்பு செய்தது.

பின்னர் நீண்ட இருள். தமிழகத்தின் அறிவுலகம் பண்டிதரை ஏறத்தாழ மறந்தே போயிற்று. அவ்விருளில் பழைய இதழ்களைத் தேடித் தேடிச் சேர்த்துத் தம் இல்லத்தில் வைத்துக் காத்தவர் அன்பு பொன்னோவியம். பேராசிரியர் பட்டம் எதுவும் இல்லாத ஆய்வாளர். அத்தகையோர் காத்த ஏடுகளைக் கொண்டு ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999இல் பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்தின் வழியாக வெளிவந்தது. எழுதியவர் மறைந்து 85 ஆண்டுகள் சென்றபின்! இதனைப் பெருமையாகச் சொல்வதா, வெட்கத்தோடு சொல்வதா என்று நமக்குத் தெளியவில்லை.

இரட்டைமலை சீனிவாசன் 1893 அக்டோபரில் தொடங்கி 1900 வரை நடத்திய 'பறையன்' இதழின் கதையும் இதனினும் மேம்பட்டதன்று. எப்பெயரைச் சொல்லி இழித்தார்களோ அப்பெயரையே இதழின் நெற்றியில் பொறித்த துணிவு அவருடையது. அப்பெயரே வேண்டாம் என்றது பண்டிதரின் வழி. இருவரும் உறவினர், கருத்தில் மாறுபட்டவர். அம்மாறுபாட்டை முழுமையாக ஆராய்வதற்கு இரு இதழ்களும் ஒருங்கே கிடைத்தாக வேண்டும்.

வகுப்பறையிலிருந்து சட்டமன்றத்திற்கு

பரங்கிமலையில் 1883இல் பிறந்த எம்.சி. ராஜா முழுமையான பொருளில் ஆசிரியர். வெஸ்லி மிஷன் பள்ளியிலும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்று, ஆசிரியப் பணியில் அமர்ந்து, பள்ளிப் பிள்ளைகளுக்கான பாடநூல்களை எழுதினார். தொடக்கக் கல்வி குறித்து அரசு அமைத்த குழுவில் உறுப்பினரானார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் அவையில் அமர்ந்தார். சென்னைச் சட்டமன்றத்தில் நம் மக்களின் பெயரால் முதலில் இடம் பெற்றவரும் அவரே. 1922இல் அரசு ஆவணங்களில் பஞ்சமர், பறையர் என்னும் சொற்களை விலக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று வழங்கவேண்டும் என ஆணை பிறந்ததற்கு அவர் சட்டமன்றத்தில் கொணர்ந்த தீர்மானமே காரணம். ஒரு சொல்லை மாற்றினால் வயிறு நிரம்புமா என்று அன்றே சிலர் கேட்டிருக்கலாம். வகுப்பில் நாள்தோறும் பெயர்ப்பதிவு எடுத்த ஓர் ஆசிரியருக்குத்தான் தெரியும், பெயர் சொல்லி அழைக்கப்படும் கணத்தில் ஒரு பிள்ளையின் முகம் எப்படி மாறுகிறதென்று.

1925இல் அவர் 'ஒடுக்கப்பட்ட இந்துக்கள்' என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றை வெளியிட்டார். நம் மக்களின் நிலையை நம்மவரே ஆங்கிலத்தில் எடுத்துரைத்த முதல் சில நூல்களுள் அது ஒன்று. தொன்மையான உரிமை, இடைக்காலத் தாழ்வு, பிரிட்டிஷ் ஆட்சியில் கிடைத்ததும் கிடைக்காததும், கல்விக்கும் நிலத்திற்குமான கோரிக்கை என்று வழக்கறிஞர் வாதம் போல அது நடக்கிறது. பிற்காலத்தில் 1932இல் மூஞ்சேயுடன் அவர் செய்துகொண்ட உடன்படிக்கையின் காரணமாக அண்ணல் அம்பேத்கரோடு அவருக்குக் கருத்து மோதல் எழுந்ததை நாம் அறிவோம். அந்த ஒரு நிகழ்ச்சியை மட்டும் நினைவில் கொண்டு அவருடைய நாற்பது ஆண்டு உழைப்பைத் தள்ளிவிடுவது வரலாறாகாது. 1938இல் சென்னை மாகாணத்தில் சமூக இழிவுகளை நீக்கும் சட்டம் நிறைவேறியதும் அவர் முயற்சியால்தான். சைதாப்பேட்டையில் அவர் பெயர் தாங்கி நிற்கும் கல்லூரி மாணவர் விடுதியில் தங்கிப் பட்டம் பெற்றோர் நம் ஊரிலும் இருக்கக்கூடும்.

சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் 1916இல் நந்தனார் பெயரால் கல்விக் கழகமும் பள்ளியும் நிறுவியது பலரும் அறிந்ததே. ஆரணிக்கு அருகே மேல்புதுப்பாக்கத்தில் 1890இல் பிறந்து, வியாசர்பாடி கரபாத்திர சுவாமிகளிடம் தமிழும் வடமொழியும் வேதாந்தமும் கற்றவர் அவர். நந்தனார் நுழைய முடியாமல் நின்றதாகக் கதை சொல்லும் ஊரில், அந்நந்தனார் பெயரில் பள்ளிக்கூடத்தின் கதவைத் திறந்தார். சமய நூல்கள் எழுதினார், சட்டமன்றத்தில் உரையாற்றினார், 1959 மே 1இல் மறைந்தார். அவருடைய சட்டமன்ற உரைகள் அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர் கண்ணில் பட்டு வருகின்றன.

ந. சிவராஜ் சென்னைச் சட்டக் கல்லூரியில் பல்லாண்டுகள் சட்டம் கற்பித்தவர். 1942இல் அகில இந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவரானார். 1945இல் சென்னை மாநகர மேயரானார். 1957இல் இந்தியக் குடியரசுக் கட்சியின் முதல் தலைவரானார். அவருடைய துணைவியார் மீனாம்பாள் சிவராஜும் பல்கலைக்கழக அவையிலும் மாநகராட்சியிலும் பணியாற்றியவர். சிவராஜிடம் சட்டம் பயின்றோர் எத்தனையோ பேர் வழக்கறிஞராகவும் நீதிபதியாகவும் உயர்ந்தனர். மேடையிலும் இதழிலும் அவர் உதிர்த்தவை ஏராளம். அவரது பெயரில் நிலைத்து நிற்கும் பெருநூல் என்று எடுத்துக்காட்ட நம்மிடம் இல்லை. பொதுவாழ்வு அவரை முற்றாக விழுங்கிவிட்டது. நம் கற்றோர் பலருக்கும் நேர்வது இதுவே. ஊர்ப் பஞ்சாயத்து, உதவித்தொகை விண்ணப்பம், காவல் நிலையம், மருத்துவமனை என்று ஓடிய கால்களுக்கு மேசை முன் அமர நேரம் எங்கே வாய்க்கும்?

சித்தார்த்தாவும் மிலிந்தும்

ஒரு கல்விச் சங்கம் தன் கல்லூரியின் வாயிலாக அறிவுப்பணி செய்யக்கூடும் என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சிறந்த எடுத்துக்காட்டு அண்ணல் அம்பேத்கர் 1945 ஜூலையில் நிறுவிய பீப்பிள்ஸ் எஜுகேஷன் சொசைட்டி என்னும் மக்கள் கல்விக் கழகம். 1946 ஜூனில் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியும், 1950இல் ஔரங்காபாத்தில் மிலிந்த் கல்லூரியும் அக்கழகத்தால் தொடங்கப்பட்டன.

அண்ணல் தாமே கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1918 முதல் 1920 வரை பம்பாய் சிடன்ஹாம் கல்லூரியில் பொருளியல் பேராசிரியர். ஆசிரியர் அறையில் வைத்திருந்த பொதுப் பானையிலிருந்து அவர் நீர் அருந்தக் கூடாதென்று உடன் பணியாற்றிய சிலர் தடை கூறிய செய்தி அவரது வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியுள்ளது. அவருடைய 'ரூபாயின் பிரச்சினை' என்னும் ஆராய்ச்சி நூல் 1923இல் இலண்டனில் வெளிவந்தது. 1935 முதல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராக வீற்றிருந்த காலத்தில்தான், 1936இல், இலாகூரில் பேசுவதற்கெனத் தயாரித்துப் பேச இயலாமற்போன சாதி ஒழிப்பு உரையைத் தம் சொந்தச் செலவில் 1,500 படிகள் அச்சிட்டார். அவை இரண்டே மாதங்களில் விற்றுத் தீர்ந்தன. அதனைத் தமிழில் தந்து பரப்பியது தந்தை பெரியாரின் 'குடி அரசு'.

தம் கல்லூரிகளுக்கு அவர் இட்ட பெயர்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். மிலிந்தன் என்பவன் கிரேக்க அரசன். பௌத்த நூலொன்றில் துறவி நாகசேனரை வினாக்களால் துளைத்தவன். விடைகள் தன்னை வென்றபோது தோல்வியை நேர்மையாக ஏற்றுக்கொண்டவன். கொடை வள்ளலின் பெயரையோ கட்சித் தலைவரின் பெயரையோ இடாமல், வினாத் தொடுத்து விடைக்குத் தலைவணங்கிய ஒருவனின் பெயரைக் கல்லூரிக்கு இட்டார். கல்லூரி வளாகம் நாகசேனவனம் ஆயிற்று.

மிலிந்த் கல்லூரியின் வகுப்பறைகளிலிருந்தே மராத்தியத் தலித் இலக்கியத்தின் முதல் அலை புறப்பட்டது. முதல்வராயிருந்த ம.பி. சிட்னிஸ் நம் சமுதாயத்தவர் அல்லர். ஆனால் மாணவர் நடிக்கவென்று அவர் எழுதிய 'யுகயாத்ரா' நாடகம் நம் மக்களின் நெடும் பயணத்தைப் பேசியது. பின்னர் முதல்வரான ம.நா. வான்கடே தலித் எழுத்தாளர் எவ்வாறு எழுதவேண்டும் என்னும் வினாவை மேடைகளிலும் கட்டுரைகளிலும் எழுப்பினார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இலக்கியத்தை மராத்தி வாசகருக்கு அறிமுகம் செய்தவர்களுள் அவர் ஒருவர். அங்கு மராத்தி கற்பித்த கங்காதர் பான்தாவணே 1960களின் பிற்பகுதியில் தொடங்கிய 'அஸ்மிதாதர்ஷ்' என்னும் இதழ் அரை நூற்றாண்டுக் காலம் புதிய எழுத்தாளரை வளர்த்தது. 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அவ்வாண்டு மார்ச்சிலேயே அவர் மறைந்தார். ஆயிரம் மாணவர் படித்த கல்லூரிகள் நாட்டில் பல உண்டு. ஓர் இலக்கிய இயக்கத்தை ஈன்ற கல்லூரிகள் சிலவே.

இவ்விடத்தில் ஆசிரியரல்லாத ஒருவரையும் நாம் குறிப்பிட்டே ஆகவேண்டும். சித்தார்த்தா கல்லூரியின் நூலகர் எஸ்.எஸ். ரேகே. அண்ணல் கேட்ட நூல்களைத் தேடிக் கொணர்வதும், அச்சுப் பணிகளைக் கவனிப்பதும் அவர் பொறுப்பாயிருந்தன. அண்ணலின் கடைசிப் பெருநூலாகிய 'புத்தரும் அவர் தம்மமும்' அச்சேறிய கதை நெஞ்சை உருக்குவது. 1956 செப்டம்பரில் அவர் பிரதமர் நேருவுக்கு எழுதிய மடலில், அச்சுச் செலவு ஏறத்தாழ 20,000 ரூபாய் ஆகும் என்றும், அது தம் சக்திக்கு அப்பாற்பட்டது என்றும், நூலகங்களுக்கும் புத்த ஜயந்திக்கு வரும் அறிஞர்களுக்கும் வழங்குதற்கு அரசு 500 படிகள் வாங்கிக்கொள்ள இயலுமா என்றும் வினவினார். புத்த ஜயந்தி வெளியீடுகளுக்கென ஒதுக்கிய தொகை தீர்ந்துவிட்டதென மறுமொழி வந்தது. அவ்வாண்டு டிசம்பர் 6இல் அவர் மறைந்தார். நூல் 1957இல் சித்தார்த்தா கல்லூரியின் வெளியீடாக வந்தது. அரசியலமைப்பை வரைந்த குழுவின் தலைவருக்கே அந்நிலை. தாம் நிறுவிய கல்லூரி இல்லையேல் அந்நூல் எப்போது வெளிச்சம் கண்டிருக்குமோ! பிற்காலத்தில் அதனைத் தமிழில் பெயர்த்தவரும் ஒரு கல்லூரி ஆசிரியரே: பச்சையப்பன் கல்லூரியில் தத்துவம் கற்பித்த பெரியார்தாசன்.

இதனோடு ஒப்பிடத்தக்க முயற்சி அமெரிக்கக் கறுப்பின மக்களிடமும் காணப்படுகிறது. கறுப்பின மாணவருக்கென அமைந்த அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் 1897இல் சேர்ந்த டு பாய்ஸ், தம் மக்களின் தொழில், குடும்பம், கல்வி பற்றி ஆண்டுக்கொன்றாக ஆய்வு வெளியீடுகளைக் கொணர்ந்தார். அண்ணல் அவருக்கு 1946இல் மடல் எழுதியிருக்கிறார். ஷோம்பர்க் என்னும் மற்றொருவரின் கதை இன்னும் சுவையானது. கறுப்பருக்கு வரலாறே இல்லையென்று சிறுவயதில் ஆசிரியர் ஒருவர் கூறக் கேட்ட அவர், வங்கியில் பணியாற்றிக்கொண்டே தம் மக்கள் எழுதிய நூல்களையும் கையெழுத்து ஏடுகளையும் திரட்டினார். 1926இல் அத்தொகுப்பை 10,000 டாலர் விலைக்குப் பெற்று நியூயார்க் பொது நூலகத்தில் சேர்த்தனர். நம் அன்பு பொன்னோவியத்திற்கு அத்தகைய நூலகம் வாய்க்கவில்லை என்பதே வேறுபாடு.

நம் காலத்துப் பேராசிரியர்

அண்மைத் தலைமுறையில் இத்துறையில் தலைநிமிர்ந்து நிற்பவர் ராஜ் கௌதமன். விருதுநகர் மாவட்டத்துப் புதுப்பட்டியில் 1950இல் பிறந்து, புதுச்சேரி காஞ்சி மாமுனிவர் பட்டமேற்படிப்பு மையத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் பணியாற்றி, 2024 நவம்பரில் மறைந்தார். 'தலித் பண்பாடு', 'தலித் பார்வையில் தமிழ்ப் பண்பாடு', 'க. அயோத்திதாசர் ஆய்வுகள்' ஆகிய நூல்களால் பெயர் பெற்றார். இவற்றோடு அவர் நின்றிருந்தால், தம் மக்களைப் பற்றி எழுதிய ஆய்வாளர் என்று மட்டுமே தமிழுலகம் அவரை ஓர் அறைக்குள் அமர்த்தியிருக்கும். அவரோ சங்க இலக்கியத்திற்குள் நுழைந்தார். 'பாட்டும் தொகையும் தொல்காப்பியமும் தமிழ்ச் சமூக உருவாக்கமும்' என்னும் பெருநூல், பொற்காலம் என்று போற்றப்பட்ட காலத்துள்ளே உயர்வு தாழ்வுகள் எவ்வாறு முளைத்தன என்று சான்று காட்டி ஆராய்கிறது. நம் சேரியிலிருந்து ஒருவர் புறப்பட்டு, தமிழின் அடிப்படை நூல்களை எப்படிப் படிக்கவேண்டும் என்று தமிழர் அனைவருக்கும் கற்பிக்கிறார். இதுவே நாம் மேலே சொன்ன மூன்றாவது அளவுகோலில் மிக உயர்ந்த படி. தன் வாழ்வையே நகைச்சுவை ததும்ப 'சிலுவைராஜ் சரித்திரம்' என்னும் புதினமாக்கியதும் அவரே. அவருடைய தங்கையார் பாமா, பள்ளி ஆசிரியை. 1992இல் வெளிவந்த 'கருக்கு' பல மொழிகளில் பயிலப்படுகிறது.

கே.ஏ. குணசேகரன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். உலகத் தமிழாராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கியவர். 2016 சனவரியில் மறைந்தார். நாட்டார் பாடல்களைத் தெருவில் பாடியவாறே அவற்றைப் பற்றி ஆய்வேடும் எழுதியவர். 'பலி ஆடுகள்' என்னும் நாடகமும் 'வடு' என்னும் தன்வரலாறும் அவர் பெயரை நிலைநிறுத்துவன. பறை முழங்கும் கையே எழுதுகோலையும் பிடிக்கலாம் என்பதை அவர் வாழ்ந்து காட்டினார். இன்று பணியில் உள்ளோருள் மதுரை அமெரிக்கன் கல்லூரித் தமிழ்த்துறையைச் சேர்ந்த ஸ்டாலின் ராஜாங்கம், அயோத்திதாசர் குறித்தும் ஊர்ப்புற வழக்காறுகள் குறித்தும் தொடர்ந்து எழுதி வருகிறார். பள்ளி ஆசிரியராயிருந்த இமையம் 2020ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது பெற்றார்.

நம் சமவெளியின் கணக்கு

இனி நம் பகுதிக்கு வருவோம். சூரமங்கலம் இருப்புப்பாதையால் வளர்ந்த ஊர். சேலம் சந்திப்பு இங்குள்ளது. 2007 முதல் சேலம் கோட்டத்தின் தலைமையிடமும் இங்குள்ளது. தனி நகராட்சியாயிருந்து 1994இல் சேலம் மாநகராட்சியோடு இணைந்தது. 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றியபின், ஆய்வுப் படிப்பு நம் வாசலுக்கே வந்தது. அதற்கு முன்பெல்லாம் முனைவர் பட்டம் என்றால் சென்னையையோ கோவையையோ நாடவேண்டும். விடுதிச் செலவை எண்ணியே ஆசையை அடக்கிக்கொண்டோர் பலர்.

சேலம், நாமக்கல் சமவெளியில் அருந்ததிய மக்கள் பெருந்தொகையினர். இவர்களுடைய வரலாறு அச்சில் ஏறியது மிகவும் பிந்தி. 1920களில் சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, தலைநகரில் இரவுப் பள்ளிகள் நடத்திய எல்.சி. குருசாமியின் பெயரைக்கூட நம் இளைஞருள் பலர் அறியார். ஆதிதிராவிடர் வரலாறு எழுதப்படும்போது அருந்ததியர் ஓர் அடிக்குறிப்பாகக் கடந்து போகப்படுவதும் உண்டு. ஒடுக்கப்பட்டோருள் ஒடுக்கப்பட்டோரின் குரல் அமுங்கிப்போவது நம் வீட்டுக்குள்ளேயே நடக்கிற அநீதி. 2009இல் தமிழக அரசு பட்டியல் சாதியினருக்கான 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காட்டை அருந்ததியருக்கு ஒதுக்கிச் சட்டம் இயற்றியது. 2024 ஆகஸ்டு 1இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்தகைய உள் ஒதுக்கீடு செல்லும் என்று தீர்ப்பளித்தது. கல்லூரிகளில் இடமும் ஆசிரியப் பணியிடமும் இச்சட்டத்தால் திறந்த வாயில்கள். இவ்வாயில் வழியே நுழைந்த முதல் தலைமுறையினர் இப்போதுதான் தம் ஆய்வேடுகளை முடித்து வருகின்றனர்.

இப்பகுதி அருந்ததியச் சிறுவர் பண்ணையங்களில் ஆடு மேய்த்த வாழ்வைத் தமிழுலகம் பெருமளவில் அறிந்தது 'கூளமாதாரி' என்னும் புதினத்தின் வழியாக. அதை எழுதிய பெருமாள்முருகன் நாமக்கல் அரசு கல்லூரியில் தமிழ் கற்பித்தவர்; நம் சமுதாயத்தவர் அல்லர். பரிவோடும் நுட்பத்தோடும் எழுதினார், நன்றி சொல்கிறோம். ஆயின் அந்த ஆட்டுப்பட்டியில் உறங்கி எழுந்தவனின் மகனோ மகளோ எழுதும் நூல் வேறாக இருக்கும். அதில் நமக்கு ஐயமில்லை.

நம் சமுதாயத்து ஆய்வாளர் பணியின் இன்றைய நிலை என்ன? ஆய்வேடு முடிந்ததும் ஒரு படி பல்கலைக்கழக நூலகத்திற்கும் ஒரு படி நெறியாளருக்கும் போகிறது. மற்றொன்று வீட்டுப் பரணில். பதவி உயர்வுக்கு மதிப்பெண் தரும் இதழ்களில் ஆங்கிலத்தில் கட்டுரைகள் வருகின்றன. அவற்றை எழுதியவரின் பெற்றோர் படிக்க இயலாது, ஊராரும் படிப்பதில்லை. அறிவியல் துறையினர்க்கு இது தவிர்க்க முடியாதது. தமிழும் வரலாறும் பொருளியலும் பயின்றோர்க்கு அப்படியன்று. தன் ஊர்க் கல்வெட்டை, தன் தெருவின் குடியேற்றக் கதையை, தொழிலாளர் துறை தொடங்கிய பள்ளிகள் ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளாக மாறிய வரலாற்றை, தோல் தொழிலின் நுட்பத்தை, இருப்புப்பாதைக் கூலிகளாகச் சென்ற பாட்டன்மாரின் பணிப் பதிவை எளிய தமிழில் நாற்பது பக்கத்தில் தந்தால் போதும். மற்ற எவராலும் எழுத இயலாத நூல்கள் அவை.

அலுவலகப் பணியாளரும் இதில் பின்தங்க வேண்டுவதில்லை. நூலகர் ரேகேயை மேலே கண்டோம். விடுதிக் காப்பாளரிடம் உள்ள பழைய பதிவேடு ஒன்று, முப்பது ஆண்டுகளில் எந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் வந்தனர், எவ்வகுப்பில் நின்று போயினர் என்பதை எந்தப் புள்ளிவிவர நூலையும்விடத் தெளிவாகச் சொல்லும். அதனை எடைக்குப் போடாமல் இருப்பதும் அறிவுப்பணியே.

எனவே மலரைப் படிக்கும் அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் இல்லத்தில் பழைய இதழ்கள், மாநாட்டுத் துண்டறிக்கைகள், சங்கக் குறிப்பேடுகள், பெரியோர் எழுதிய மடல்கள், தங்கவயல் உறவினர் கொணர்ந்த நூல்கள் ஆகியன இருப்பின் சங்க அலுவலகத்தில் சேர்ப்பிக்க வேண்டுகிறோம். மூலத்தைப் பிரிய மனமில்லாதோர் ஒளிநகல் எடுத்துக்கொள்ள இசைந்தால் போதும். முனைவர், இளமுனைவர் பட்டம் பெற்ற நம் பிள்ளைகள் தத்தம் ஆய்வேட்டின் ஒரு படியைத் தரவேண்டும். கரையான் அரித்த ஏடானாலும் தயங்க வேண்டாம்; அரிக்காத பக்கங்களில் என்ன இருக்கிறதென்று பார்த்துக்கொள்வோம்.